ஆறு ஊர் ஆட்களைப் பையில் கட்டிவந்த அக்கா

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே ஐந்தாறு வருடம் ஓடிவிட்டது. என் மகளின் பழைய ரஃப் நோட்டில் இரண்டு முறை ஆரம்பித்தேன். இரண்டு முறையும் முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டேன். எழுத்து வராதது ஒரு காரணம். நான் படித்தது பத்தாவது, அதற்குமேல் ஆறு மாதம் கம்ப்யூட்டர் ஹார்டுவேர் கோர்ஸ், அவ்வளவுதான். இன்னொரு காரணம் வெட்கம். எழுத ஆரம்பித்தால் அந்த வெட்கத்தையும் எழுதியாக வேண்டுமே என்று பயந்துகொண்டே இருந்தேன். இன்று வெள்ளிக்கிழமை. விளக்கேற்றி, நோட்டை அம்மன் படத்துக்கு முன்னால் வைத்து எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இனி அவள் விட்ட வழி.

எங்கள் ஆபீசில் வேலை பார்த்த ஓர் அக்காவைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். பெயரை எழுதவில்லை. எங்கே இருந்தாலும் நிம்மதியாக வேலை பார்த்துக்கொண்டிருப்பவரை இழுத்துவந்து நிறுத்தியதுபோல் ஆகிவிடும். அவர் என்னை "அண்ணே" என்பார், நான் அவரை "அக்கா" என்பேன். இருவரில் யார் மூத்தவர் என்பது கடைசிவரை தெரியாது. நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் யாராவது ஒருவர் வயசாளி ஆகியிருப்போம்.

ஆபீஸ் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். மதுரை விளாங்குடியில் ரோட்டை ஒட்டி ஒரு மாடி. கீழே டயர் கடை, மேலே நாங்கள் ஏழு பேர். கிராமத்துப் பால் சங்கங்களுக்கு சாஃப்ட்வேர் செய்து கொடுப்பது தொழில். பால் கேனைத் தராசில் வைத்தால் எடை தானாகக் கம்ப்யூட்டரில் ஏறி, சீட்டு அச்சாகி வரும். அந்த சாஃப்ட்வேரை எழுதியது அக்கா. அதைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் பைக்கில் போய்ப் போட்டுக் கொடுப்பது நான்.

அக்கா சௌராஷ்டிரக் குடும்பம். அம்மாவோடு போனில் அவர்கள் பாஷையில் பேசுவார், எங்களோடு தமிழில் பேசுவார். கம்ப்யூட்டர் சொன்னபடி கேட்காவிட்டால் மறுபடி அவர்கள் பாஷைக்குப் போய்விடுவார். என்ன சொல்லித் திட்டுகிறார் என்று எங்களுக்குப் புரியாது. கம்ப்யூட்டருக்குப் புரிந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் ஒழுங்காகிவிடும்.

அவரிடம் நீல நிறத்தில் ஒரு பெரிய ரெக்சின் பை உண்டு. வேலைக்கு வந்த முதல் நாள் அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தார். டம்ளர், நாலு பிளக் சொருகும் கரண்ட் பாக்ஸ், ஸ்க்ரூடிரைவர், மெழுகுவத்தி, மேஜை டிராயருக்கு ஒரு பூட்டு, கை துடைக்கத் துண்டு. முதலாளி தன் ரூமிலிருந்து வெளியே வந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஏம்மா, உக்கார நாற்காலி கொண்டாரலையா?"

"இன்டர்வியூவுக்கு வந்தப்பவே பாத்துட்டேன் சார். இருந்துச்சு."

அவர் கிண்டலுக்குச் சொல்லவில்லை. பார்த்தது உண்மை, இருந்ததும் உண்மை. பார்க்காத எதையும் அவர் நம்ப மாட்டார், அவ்வளவுதான்.

"போற எடத்துல இருக்கும்னு நம்பிப் போகக்கூடாதுண்ணே" என்பார். "இருந்தா சந்தோசம். இல்லைன்னா நம்ம பையில இருக்கணும்."

எங்கள் ஆபீஸ் தம்பி ஒருவனுக்கு வாடிப்பட்டியில் கல்யாணம் நடந்தது. எல்லோரும் பஸ் ஏறிப் போனோம். மண்டபத்தில் ஒரு பெண்ணுக்கு சேஃப்டி பின் தேவைப்பட, அக்கா பையைத் திறந்தார். அந்தப் பின் பையின் அடியில் கிடந்ததால் மேலே இருந்ததை எல்லாம் வெளியே எடுத்து வைக்க வேண்டியிருந்தது. ஊசி நூல், ஓமத்திரவம், ஒரு பொட்டலம் உப்பு, நாலாக மடித்த வாழை இலை, கடைசியில் ஒரு சின்ன டப்பா. டப்பா மூடி திறந்துகொண்டு, மஞ்சள் கிழங்கு கட்டிய மஞ்சள் கயிறு ஒன்று வெளியே விழுந்தது. பக்கத்தில் இருந்த கல்யாணப் பெண்ணின் அத்தை, நல்ல ஆகிருதியான அம்மாள், அதைப் பார்த்துவிட்டார்.

"இது என்னாத்தா?"

"மஞ்சக் கயிறுங்க."

"அது தெரியுது. யாருக்கு?"

"யாருக்கும் இல்லைங்க. மாப்பிள்ள வீட்டுல தாலிய மறந்துட்டு வந்துட்டா..."

அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "தாலிய மறந்துட்டு எவனாச்சும் கல்யாணத்துக்கு வருவானா?"

"வரமாட்டாங்கதான்."

"அப்ப மாப்பிள்ளைய மறந்துட்டு வந்தா? அதுக்கும் ஒண்ணு பைக்குள்ள இருக்கா?"

"மாப்பிள்ள அந்தா உக்காந்திருக்காருங்க. வந்ததும் பாத்துட்டேன்" என்றார் அக்கா, கொஞ்சமும் சிரிக்காமல்.

அத்தை சண்டைக்குத்தான் வந்தார். ஆனால் அந்தப் பதிலைக் கேட்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். முகூர்த்தம் முடிகிறவரை மேடையைப் பார்ப்பதும் அக்காவைப் பார்ப்பதும் குலுங்குவதுமாக இருந்தார். பந்தியில் இலைக்குப் பஞ்சமே இல்லை. அக்கா தன் இலையை மடித்த மடிப்புக் கலையாமல் திரும்பப் பைக்குள் வைத்தார். கொண்டுபோனது வீணாயிற்றே என்று அவர் வருந்தி நான் பார்த்ததில்லை. பை பிரிக்காமல் திரும்பினால் அன்றைக்கு அவருக்குத் திருவிழா.

எனக்கும் அவருக்கும் ஒரே ஒரு விஷயத்தில்தான் ஒத்துப்போகாது. ஆடி வெள்ளிக்கு ஆபீசில் எல்லோரும் மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போனபோது, அக்கா பையில் சூடம், தீப்பெட்டி, எண்ணெய், அவற்றோடு ஒரு பொட்டலம் விபூதியும் இருந்ததைப் பார்த்தேன். எனக்குச் சுருக்கென்றது.

"அக்கா, அம்மன் கோயில்ல விபூதி இருக்காதா? அங்கேயும் கட்டிக்கிட்டு வரணுமா? கொஞ்சமாச்சும் அவள நம்புங்க."

"அவங்கள நம்புறேண்ணே. நம்ம கைக்கு வந்து சேருமாங்கிறதுதான் சந்தேகம். கூட்டத்தப் பாத்தீங்களா, எம்புட்டு?"

நான் எந்தக் காரியத்துக்குப் போனாலும் சட்டைப்பையில் பஸ் காசும் நெற்றியில் விபூதியும் இருந்தால் போதும் என்று கிளம்புகிறவன். மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்வாள். பார்த்துக்கொண்டும் இருக்கிறாள். அக்காவோ அவளுக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்று நினைக்கிறவர்.

இப்போது அந்த சாஃப்ட்வேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். அக்கா எழுதிய மொழி எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடும். ஆனால் தராசோடு பேச அதற்குத் தெரியாது. அதற்குத் தராசு செய்கிற கம்பெனி ஒரு சின்ன ஃபைல் கொடுக்கும். நேட்டிவ் லைப்ரரி என்று பெயர். நேட்டிவ் என்றால் எங்களுக்குச் சொந்த ஊர். அக்காவும் அப்படித்தான் விளக்கினார்.

"நம்ம புரோகிராம் வெளியூர்ச் சமையல்காரர் மாதிரிண்ணே. எந்த ஊருக்குப் போனாலும் சமைப்பாரு. ஆனா அந்த ஊர்ல விறகு எங்க, தண்ணி எங்கன்னு காட்ட ஒரு உள்ளூர் ஆளு வேணும்ல? அதான் இந்த ஃபைலு. விண்டோஸ் பழசுக்கு ஒரு ஆளு, புதுசுக்கு வேற ஆளு. லினக்ஸ்ல பழசு புதுசுன்னு ரெண்டு பேரு. ஆப்பிள் கம்ப்யூட்டருக்கு ஒருத்தரு. உள்ளங்கை அளவுல ஒரு போர்டு வருது பாருங்க, அதுக்கு ஒருத்தரு. ஒரு ஊர் ஆளு இன்னொரு ஊர்ல போய் நின்னா திருதிருன்னு முழிப்பாரு."

"நாம போற எடத்துல எந்த ஆளு வேணும்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது. அதனால ஆறு பேரையும் கட்டி அனுப்புறேன். புரோகிராம் போய் எறங்கினதும், இது என்ன ஊருன்னு கேக்கும். பதில் வந்ததும் அந்த ஆள மட்டும் மூட்டையில இருந்து எடுத்து ஓரமா ஒரு தற்காலிக எடத்துல நிறுத்திக் கூப்பிடும். மத்த அஞ்சு பேரும் மூட்டையிலயே தூங்குவாங்க."

பைக்குள் தூங்கும் வாழை இலையும் மஞ்சள் கயிறும் எனக்கு ஞாபகம் வந்தன. ஒரே மனுஷிதான், வீட்டிலும் வேலையிலும்.

முதலாளிக்கு இந்த மூட்டை பிடிக்கவில்லை. ஃபைல் கனமாகிவிட்டது, திருத்தி அனுப்பினால் கிராமத்து நெட்டில் இறங்க அரை நாள் ஆகிறது என்று சத்தம் போட்டார்.

"ஏம்மா, ஒரு வீட்டு விசேசத்துக்கு ஆறு ஊர் ஆளையும் லாரி வச்சுக் கூட்டிட்டுப் போவியா?"

"எந்த வீடுன்னு தெரியாம எப்படி சார் ஒருத்தர மட்டும் அனுப்புறது?"

"எல்லாச் சங்கத்துலயும் ஒரே மாதிரிக் கம்ப்யூட்டர்தாம்மா."

"பாத்தீங்களா சார்?"

பார்க்கவில்லை. அதனால் பார்த்துவர என்னை அனுப்பினார்கள். நான்கு நாள் சுற்றினேன். ஓர் ஊரில் யாருக்கோ கிடைத்த இலவச லேப்டாப் இருந்தது, லினக்ஸ். இன்னோர் ஊரில் தலைவர் மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய ஆப்பிள் கம்ப்யூட்டர். அதை எப்படி அணைப்பது என்று தெரியாமல் வந்த நாளிலிருந்து எரியவிட்டு வைத்திருந்தார்கள். வேறோர் ஊரில் டிவிக்குப் பின்னால் ஒட்டவைத்த சின்னப் போர்டு. ஓரிடத்தில் அரதப்பழசான விண்டோஸ் பெட்டி, அதன்மேல் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"பெட்டி கதகதன்னு இருக்குதுல்லண்ணே, எந்திரிக்க மாட்டேங்குது" என்றார் அந்தச் சங்கத்து எழுத்தர். "குஞ்சு பொரிச்சதும் வந்து போட்டுக் குடுங்களேன்."

இதையெல்லாம் சொன்னதும் முதலாளி தலையைச் சொறிந்தார். "சரி, கட்டு" என்றார் அக்காவிடம். "ஆனா ஒண்ணு. இம்புட்டையும் கட்டிக்கிட்டுப் போயி ஏதாவது ஒரு எடத்துல காலை வாரிச்சுன்னா, பால் சங்க வேலையே உனக்குக் கிடையாது. வேற ஆளுகிட்டக் குடுத்துருவேன். சம்மதமா?"

"சம்மதம் சார்."

அப்போது அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அந்த சாஃப்ட்வேரை இரண்டு வருடமாக வளர்த்தவர் அவர். ஆறு வகைக் கம்ப்யூட்டரையும் எங்கெங்கோ இரவல் வாங்கி, ஒவ்வொன்றிலும் போட்டுப் பார்த்து, ஓடியதும் ஒரு தாளில் டிக் அடித்து வைத்திருந்தார். சம்மதம் என்ற சொல்லை அவர் சும்மா சொல்லவில்லை.

சொன்னபடி ஓடவும் செய்தது. லினக்ஸில் ஓடியது, ஆப்பிளில் ஓடியது, கோழி எழுந்தபிறகு அந்தப் பெட்டியிலும் ஓடியது. அதற்குப் பிறகுதான் கொட்டாம்பட்டியைத் தாண்டி உள்ளே போகும் ஓர் ஊரிலிருந்து அழைப்பு வந்தது. சங்கத்துக்குப் புதுக் கட்டடம், புதுத் தராசு, புதுக் கம்ப்யூட்டர். திறப்பு விழாவுக்குச் சுற்றுப்பட்டுச் சங்கத்துக்காரர்கள் எல்லோரும் வருகிறார்கள். அங்கே நன்றாக ஓடினால் அத்தனை பேரும் வாங்குவார்கள் என்று முதலாளி அக்காவுக்கு இரண்டு முறையும் எனக்கு மூன்று முறையும் சொன்னார்.

விழாவுக்கு முதல் நாள் மதியமே போய்விட்டேன். இதுவரை நான் போன இடங்களில் எல்லாம் யாராவது ஏற்கெனவே புழங்கிய கம்ப்யூட்டர்தான் இருக்கும். அட்டைப்பெட்டி பிரிக்காத புதுக் கம்ப்யூட்டர் என் கைக்கு வந்தது அன்றுதான். எனக்குச் சிலிர்த்துவிட்டது. மஞ்சள் குங்குமம் வைத்தேன், எலுமிச்சம்பழம் வைத்தேன், சூடம் காட்டினேன். பிறகு சுவிட்சைப் போட்டேன். விண்டோஸ் முதலில் பெயர் கேட்டது, இதை உபயோகிக்கப் போகிறவர் யார் என்று. எழுத்தர் பெயரைப் போடச் சொல்லி வைத்திருந்தார்கள். எனக்கு மனசு வரவில்லை. வீட்டுக் கணக்கு நோட்டானாலும் கல்யாணப் பத்திரிகையானாலும் பிள்ளையார் சுழி போடாமல் நான் ஆரம்பித்ததில்லை. புதுப் பெட்டி, முதல் எழுத்து. தமிழில் அடிக்கவும் பழகியிருந்தேன். "உ மீனாட்சி துணை" என்று அடித்தேன். ஏற்றுக்கொண்டது. கையெடுத்துக் கும்பிட்டேன்.

அக்காவின் சாஃப்ட்வேரைப் போட்டேன், அழகாகத் திறந்தது. தராசு மறுநாள் காலைதான் வரும் என்பதால் அதோடு இணைத்துப் பார்க்க முடியவில்லை. அவள் துணை என்றே எழுதியாகிவிட்டது, இனி என்ன கவலை என்று திரும்பினேன்.

காலையில் வாழைமரம் கட்டி, ரேடியோ செட் போட்டிருந்தார்கள். பால் கேன்களோடு வரிசை வாசலைத் தாண்டி நின்றது. முதலாளி வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். சங்கத் தலைவர் முதல் கேனைத் தராசில் வைத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். கம்ப்யூட்டரில் எடை வரவில்லை. தராசோடு பேசும் ஃபைலைக் காணோம் என்று சிவப்பில் ஒரு வரி வந்தது.

நான் உள்ளே போய்த் தேடினேன். ஃபைல் இருந்தது. சரியான ஊர் ஆள், மூட்டையிலிருந்து இறங்கி, நிற்க வேண்டிய இடத்தில் நின்றுகொண்டிருந்தார். என் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, கம்ப்யூட்டர் இல்லை என்கிறது. அணைத்துப் போட்டேன். மறுபடி இல்லை என்றது. எலுமிச்சம்பழத்தை இடம் மாற்றி வைத்தேன். அப்போதும் இல்லை என்றது.

"என்னப்பா, பால் தயிராகிறதுக்குள்ள எடை போடுவீகளா?" என்றார் வரிசையில் நின்ற ஒரு பெண்.

"விடு மதினி, தயிராப் போட்டா எடை கூடத்தான் காட்டும்" என்றார் பின்னால் ஒருவர். சிரிப்பு வரிசை நெடுக ஓடியது. முதலாளி சிரிக்கவில்லை. பழைய தராசை எடுத்துவந்து பாலை வாங்கிக்கொண்டே, அக்காவுக்குப் போன் போட்டார்.

அக்கா பஸ் பிடித்து, ஷேர் ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தார். தோளில் நீலப் பை. விழாவுக்கு வந்தவர்கள் பாதிப்பேர் வேடிக்கை பார்க்கவே உட்கார்ந்திருந்தார்கள். யாரையும் பார்க்காமல் தரையில் உட்கார்ந்து, தன் லேப்டாப்பை எடுத்துத் தராசோடு இணைத்தார். எடை வந்தது. தராசில் கோளாறு இல்லை, மூட்டையிலும் கோளாறு இல்லை. அதே வயரைப் பிடுங்கிப் புதுக் கம்ப்யூட்டரில் சொருகினார். இல்லை என்றது. டிக் அடித்த தாளை எடுத்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார். அவர்கள் பாஷையில் மெதுவாக ஏதோ சொன்னார்.

பிறகு, அந்த ஃபைல் எந்த வழியாகப் போய் எங்கே நிற்கிறது என்று காட்டும் வரியைத் திறந்தார். அதைப் பார்த்ததும் அவர் விரல் நின்றுவிட்டது. வரியின் நடுவில் "உ மீனாட்சி துணை" என்று இருந்தது. திரும்பி என்னைப் பார்த்தார். என் நெற்றியைப் பார்த்தார்.

"அண்ணே, இந்தப் பேரு யாரு வச்சது?"

"நாந்தாங்க்கா. புதுப் பெட்டில்ல. ஏன், தப்பா?"

"இல்லண்ணே. நல்ல பேரு."

லேப்டாப்பில் ஏதோ நாலைந்து வரி எழுதினார். மூட்டையைப் பிரித்து ஆளை நிறுத்தும் இடத்தை வேறொரு மூலைக்கு மாற்றினார். அந்த இடத்துக்கு ஆங்கில எழுத்தில் ஒரு சின்னப் பெயர் வைத்தார். புதுக் கம்ப்யூட்டரில் போட்டார். தராசில் கேனை வைக்கச் சொன்னார். எடை வந்தது, சீட்டு அச்சாகி வந்தது. ஆனால் கை தட்ட யாரும் பாக்கியில்லை. சுற்றுப்பட்டுச் சங்கத்துக்காரர்கள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

"கோளாறு யாருதும்மா?" என்றார் முதலாளி. தலைவர், எழுத்தர் எல்லோரும் சுற்றி நின்றார்கள். நானும் நின்றேன்.

"என்னோடதுதான் சார். மூட்டையப் பிரிக்கிற எடத்த நான் சரியாப் பாக்கல."

"ஆறு ஊர் ஆளக் கட்டிட்டு வந்து, ஒருத்தனுக்கும் வாசல் தெரியலையேம்மா!"

கிளம்பிக்கொண்டிருந்தவர்கள்கூட நின்று சிரித்தார்கள். அக்கா பையின் ஜிப்பை இழுத்து மூடினார். நாளையிலிருந்து பால் சங்க வேலையை வேறொருவர் பார்ப்பார் என்று முதலாளி அங்கேயே சொல்லிவிட்டார். அக்கா "சம்மதம்தானே சார் சொன்னேன்" என்றார். அவ்வளவுதான்.

அக்காவைப் பஸ் ஏற்றிவிடப் போய் நின்றபோது நான் மெதுவாகக் கேட்டேன். "அக்கா, அந்தப் பேருதான் காரணமா?"

"நாம வைக்கிற பேருலயே கம்ப்யூட்டர் ஒரு அறை கட்டி, அதுக்குள்ளதான் ஆள நிறுத்துதுண்ணே. தராசுக் கம்பெனிக்காரன் குடுத்த ஃபைலு பழைய காலத்துது. போற வழி பூரா இங்கிலீஷ் எழுத்தா இருந்தாத்தான் அதுக்கு வழி தெரியும். தமிழ் எழுத்து வந்தா கேள்விக்குறி கேள்விக்குறியாத் தெரியும். எங்கிட்டுப் போறதுன்னு தெரியாம, ஆளே இல்லைன்னுடும்."

"அப்ப என் தப்புதான."

"ஒங்க தப்பு எப்படி? ஆறு மெஷின்லயும் போட்டுப் பாத்தேன். ஒரு மெஷினுக்கும் தமிழ்ல பேரு வச்சுப் பாக்கல. தமிழ்நாட்டுல, பால் சங்கத்துல, ஒருத்தர் தமிழ்ல பேரு வப்பாருன்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க. இங்கிலீஷ்லதான் இருக்கும்னு நம்பிட்டேன்." பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார். "நம்பி வந்தது அது ஒண்ணத்தான்."

"நான் முதலாளிகிட்டச் சொல்லிருறேங்க்கா."

"வேண்டாம்ணே. சாமி பேரு வச்சதாலதான் நின்னு போச்சுன்னு ஊரெல்லாம் சொல்லுவாக. ஒங்களுக்கும் சங்கடம், அம்மனுக்கும் சங்கடம். விடுங்க."

அவர் வேண்டாம் என்றது எனக்கு வசதியாகப் போயிற்று. இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள், இந்த வயசில் வேறு வேலை யார் தருவார்கள் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்கா கேட்டுக்கொண்டதால்தான் பேசாமல் இருக்கிறேன் என்று அம்மனிடமும் சொன்னேன். அவள் நம்பியிருக்க மாட்டாள்.

புதிதாக வந்தவர் முதல் காரியமாக மூட்டையைக் குறைத்தார். விண்டோஸ் ஆள் இரண்டு பேர் போதும் என்று மற்ற நாலு பேரையும் எடுத்துவிட்டார். அடுத்த வாரமே லினக்ஸ் ஊரிலிருந்து போன் வந்தது. அதற்கடுத்த நாள் ஆப்பிள் ஊரிலிருந்து. நான் வாய் திறக்காமல் ஒவ்வோர் ஊராகப் போய், அக்கா கடைசியாகத் திருத்தி வைத்திருந்த பழைய மூட்டையையே திரும்பப் போட்டுவிட்டு வந்தேன். புதியவர் தன்னுடையதுதான் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டார். இன்றைக்கும் அந்தச் சங்கங்களில் எல்லாம் ஓடுவது அக்காவின் மூட்டைதான். கொட்டாம்பட்டிப் பக்கத்துப் பெட்டியில் மீனாட்சி துணையும் அப்படியே இருக்கிறது. அக்கா மட்டும் ஒரு மாதத்தில் ஆபீசை விட்டுப் போனார். "வாரேண்ணே" என்றார். வெளியூரில் வேலை என்று கேள்வி. போன் நம்பர் மாறிவிட்டது.

போன மாதம் ஒரு சங்கத்துக்குப் பிரிண்டர் மாற்றப் போயிருந்தேன். அங்கே நாலைந்து ஊர் எழுத்தர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அந்தத் திறப்பு விழாக் கதையை எடுத்தார்.

"ஒரு பொம்பள வந்துச்சுப்பா, பை நெறய என்னென்னமோ அள்ளிக்கிட்டு. கடைசியில பாத்தா ஒண்ணுக்கும் ஒதவல. அன்னைக்குப் பூராப் பாலும் கெட்டுப் போச்சு."

பால் கெடவில்லை. பழைய தராசில் எடை போட்டு அனுப்பியாயிற்று. ஆனால் எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் என் தோளைத் தட்டி, "என்னண்ணே, நீங்களும் அங்கதான இருந்தீங்க?" என்றார். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து சாமி கும்பிட நின்றால் கை கூப்ப வரவில்லை. என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து, "சிரிச்சீகளா?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்து, "அட, நீதானாய்யா அது! விடு, பழைய கதை" என்று சொல்லிவிட்டு போனை எடுத்துக்கொண்டார். அவருக்குப் பழைய கதை. டீ குடிக்கிற இடத்தில் அது இன்றைக்கும் புதுக் கதை.

அதனால்தான் எழுதினேன். பால் சங்கத்துப் பக்கம் யாராவது அந்தத் திறப்பு விழாவைப் பற்றிப் பேச்செடுத்தால், இதில் உள்ளபடியே சொல்லுங்கள். அக்காவை நல்லவராக்க ஒரு வார்த்தையும் கூட்ட வேண்டாம், அவருக்கு அது தேவையில்லை. அம்மன் பேரால் நின்றுபோனது என்றும் திரித்துவிடாதீர்கள். என்மேல் இரக்கப்பட்டு, பாவம், தெரியாமல் செய்துவிட்டான் என்று ஒரு வரி சேர்ப்பீர்கள், அதுவும் வேண்டாம். பெயர் வைத்தது தெரியாமல்தான். பேசாமல் நின்றது தெரிந்துதான்.